மூன்றாம் மாப்பிள்ளையும் சார்ஜ் ஏறாத டேங்கும்

சார்ஜரைச் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. அதுதான் தகராறு. சிவப்பு எரிந்தால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாலு மணி நேரம் கழித்துப் பச்சை எரிந்தால் ஏறி முடிந்தது என்று அர்த்தம். சொருகின மறுநொடியே பச்சை எரிந்தால் என்ன அர்த்தம் என்று அந்தச் சார்ஜரில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"சார்ஜ் ஏற மாட்டேங்குது," என்றார் மாமனார்.

கல்யாணம் ஆன இந்த ஐந்து மாதத்தில் அவர் தன் மூன்றாம் மாப்பிள்ளையிடம் சேர்ந்தாற்போலப் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று.

சாப்பாட்டு மேஜையின் நடுவில் அந்த டேங்க் உட்கார்ந்திருந்தது. ரிமோட்டில் ஓடுகிற பொம்மை ராணுவ டேங்க். பொம்மை என்று மட்டும் அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. ஒரு முழத்துக்கு மேல் நீளம், கரும்பச்சை நிறம், இரண்டு பக்கமும் உலோகச் சங்கிலிப் பட்டை, தலையில் சுழலும் பீரங்கி. எடை ஒரு கைக்குழந்தை அளவு இருக்கும்.

மாமனார் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு நெம்புகோல் இல்லாமல் அவர் கை தவித்துப் போய்விட்டது. ஒரு வருஷம் டிவி ரிமோட்டை வைத்துச் சமாளித்துப் பார்த்தார். வீட்டில் யாராலும் ஒரு சானலை முழுசாகப் பார்க்க முடியவில்லை. அதன் பிறகுதான் இந்த டேங்க் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் அவரைப் போலவே ஓய்வு பெற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு டேங்கோடு கூடுவார்கள். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் மாமனார் சிரிப்பார் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. நேரில் பார்த்தவர் கிடையாது.

"நீங்க இன்ஜினியராமே," என்றார் மாமனார்.

"ஆமா மாமா," என்றான் மாப்பிள்ளை. வேறென்ன சொல்வது.

அவன் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிப்பவன். மற்றவர்கள் எழுதியதில் கோளாறு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவன் வேலை. அதைச் சரிசெய்வது வேறு ஆட்கள். அவர்கள் உட்காருவது வேறு மாடி. இந்த டேங்கிலும் கோளாறு இருக்கிறது என்று அவனால் உடனே சொல்ல முடிந்தது. அவன் படிப்பு அதோடு தீர்ந்தது.

சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"பெரிய மாப்பிள்ளை முதல் தடவை வந்து தங்கினப்பவும் இதே கதைதான். காலையில வெளிய போய்க் கொஞ்ச நேரம் நடந்து யோசிச்சுட்டு வந்தார். வந்து உக்காந்தார், பத்தே நிமிஷம். சரி பண்ணிட்டார்."

"அவர் பல் டாக்டர்தானே அத்தை?"

"ஆமா. நடு மாப்பிள்ளைக்குத்தான் அரை மணி நேரம் ஆச்சு."

நடு மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார்.

மாமனார் சார்ஜரை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். "ஞாயித்துக்கிழமைக்கு வேணும்," என்றார். அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அறைக்குள் வந்ததும் மனைவி கதவைச் சாத்தினாள். பெரியவர்கள் எதிரில் "நீங்க", கதவைச் சாத்தினால் "நீ" என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

"உன்னால முடியுமா?"

"வாத்தியாரால முடிஞ்சிருக்கு."

"விளையாடாத. நாம எதுக்கு வந்திருக்கோம்னு ஞாபகம் இருக்கா?"

மறக்கக்கூடிய விஷயமா அது. அவளுக்கு வேலையில் உயர்வு வந்திருந்தது. கூடவே மாற்றலும். ரயிலில் ஒரு பகல் ஒரு ராத்திரி தூரம். மாமனாருக்கோ மூன்று பெண்களும் ஒரு மணி நேரத்தில் வந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். பெரியவள் புருஷனோடு வெளியூர் போகிறேன் என்று ஒரு தடவை வாயைத் திறந்தபோது அவர் எட்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஏற்கெனவே பேசாதவர் பேசாமல் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆனதாம்.

"ஞாயித்துக்கிழமை டேங்க் ஓட்டிட்டு வந்தா அப்பா ஒரு அரை மணி நேரம் நல்லா இருப்பார்," என்றாள். "அந்த அரை மணி நேரத்துல சொல்லிடணும். டேங்க் ஓடலன்னா நாம பேசாம ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அடுத்த வாரம் நான் பதில் சொல்லியாகணும்."

ஆக, அவள் உத்தியோகம் ஒரு பேட்டரியில் வந்து நின்றது.

மாப்பிள்ளை முதலில் சார்ஜ் ஏற்றும் துளையைச் சுத்தம் செய்தான். அழுக்கு இருந்தால் மின்சாரம் போகாது என்று எங்கேயோ படித்திருந்தான். துணி உள்ளே போகவில்லை. தீக்குச்சி போயிற்று, அழுக்கு வரவில்லை. ஊக்கை நிமிர்த்தி உள்ளே விட்டுச் சுரண்டினான். டிக் என்று ஒரு சத்தம். வெளியே வந்தது பாதி ஊக்குதான்.

சார்ஜரைச் சொருகிப் பார்த்தான். சொருகினவுடன் பச்சை எரிகிறதே என்ற குறை தீர்ந்தது. இப்போது எதுவுமே எரியவில்லை.

சனிக்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பெரிய சகலைக்குப் போன் போட்டான்.

"சகலை, மாமாவோட டேங்க்ல சார்ஜ் ஏறல. நீங்க பத்து நிமிஷத்துல சரி பண்ணீங்களாமே, எப்படிப் பண்ணீங்க?"

எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஏதோ மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"அது ஒண்ணுமில்ல சகலை," என்றார் பல் டாக்டர். "பொறுமையா பாருங்க, தானா வந்துடும்."

"எந்த ஒயர்னு மட்டும் சொன்னீங்கன்னா..."

"இங்க ஒருத்தர் வாயைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கார். அப்புறம் பேசறேன்."

சரித்திர வாத்தியாருக்குப் போட்டான்.

"போன வருஷமா?" என்றார் வாத்தியார். "போன வருஷம் நடந்ததெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு சகலை?"

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய போரைத் தேதியோடு சொல்கிறவர்.

இரண்டு பேரும் தொழில் ரகசியத்தை விட மாட்டேன் என்கிறார்கள் என்று மாப்பிள்ளைக்கு எரிச்சலாக வந்தது. சரி, நாமே பார்ப்போம் என்று டேங்கைக் கவிழ்த்தான். ஒன்பது திருகாணி. கழற்றி வரிசையாக வைத்தான். மூடியைத் தூக்கினால் உள்ளே நீல உறை போட்ட பேட்டரி, அதிலிருந்து ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர். சார்ஜர் துளையை நம்பி இனிமேல் பயனில்லை. நேராகப் பேட்டரிக்கே சார்ஜ் கொடுத்துவிட்டால் என்ன?

நல்ல யோசனைதான். சார்ஜரின் முனை பேட்டரிக்குப் பொருந்தவில்லை. வீட்டில் வேறு சார்ஜர் உண்டா என்று தேடினான். மாமியாரின் முதுகு பிடித்துவிடும் மெஷினுக்கு ஒன்று இருந்தது. அதன் முனையை வெட்டி, இரண்டு ஒயரையும் பிரித்து, பேட்டரி ஒயர்களோடு முறுக்கி, டேப் சுற்றினான். பிளக்கைப் போட்டான்.

பத்து நிமிஷத்தில் பேட்டரி கதகதப்பாயிற்று. உயிர் வருகிறது என்று மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னான்.

"ஜுரம் மாதிரி இருக்குங்க," என்றாள். வெளியே அப்பா இருந்தார்.

அரை மணி நேரம் கழித்து மாமனார் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உப்பியிருக்கே."

"ஆமா மாமா," என்றான் மாப்பிள்ளை. "நிறைய ஏறியிருக்கு."

"ம்."

இந்த "ம்"முக்கு என்ன பொருள் என்று அவன் ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே அவர் வாசற்படி வரை போய்த் திரும்பினார்.

"மேம்பாலத்துக்குக் கீழ ஒரு கடை இருக்கு. இந்த மாதிரி சாமானெல்லாம் விப்பான்." கொஞ்சம் யோசித்து, "உங்களுக்கு எதுக்கு அதெல்லாம். நீங்க இன்ஜினியர்," என்றார்.

அந்த நம்பிக்கைதான் மாப்பிள்ளையைக் கொன்றது.

அவர் தலை மறைந்ததும் பேட்டரி உஸ்ஸென்றது. இனிப்பும் கசப்புமாக ஒரு வாடை. பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைத் துணியில் சுற்றிக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். இதை மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்பது எப்படியோ தெரிந்திருந்தது. கைக்கு அகப்பட்டது மாமியாரின் ரோஜாத் தொட்டி. செடியை வேரோடு பிடுங்கி வெளியே வைத்துவிட்டு, குழியில் பேட்டரியைப் போட்டு மண்ணைத் தள்ளினான். மண்ணுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் புகை வந்தது. பிறகு நின்றது.

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தரையில் கிடந்த ரோஜாவைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"செடிக்கு வேர்ல பூச்சி, அத்தை."

"அப்படியா. நல்லவேளை பாத்தீங்க." இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அந்த முதுகு மெஷினை ஒரு பத்து நிமிஷம் போட்டுக்கலாம்னா அதுக்கும் சார்ஜர் காணோம்."

மத்தியானம் சாப்பாடு ஆயிற்று. மாமனார் படுத்துவிட்டார். மாமியார் மெஷின் இல்லாமல் தரையில் மல்லாந்து கிடந்தாள். மனைவி அலுவலகத்துக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து பேட்டரி இல்லாத டேங்கைப் பார்த்தான். குடல் எடுத்த மீன் மாதிரி இருந்தது.

அலமாரி மேல் எமர்ஜென்சி லைட் ஒன்று இருந்தது. கரண்ட் போனால் எரிவது. அதற்குள்ளும் ஒரு பேட்டரிதானே இருக்கும்.

இருந்தது. செங்கல் மாதிரி கனத்தது. டேங்குக்குள் அடங்காது, ஆனால் முதுகில் வைத்துக் கயிற்றால் கட்டலாம். கட்டினான். லைட் பேட்டரியில் இரண்டு ஒயருமே கறுப்பு. எது எதோடு என்று யோசித்தான். இரண்டில் ஒன்று சரியாகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வந்தான்.

மற்றது சரியாக இருந்தது.

உள்ளே ஏதோ படபடவென்று பொரிந்தது. மறு கணம் டேங்க் துள்ளிக் கிளம்பியது. மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்து நிற்கச் சொன்னான். நிற்கவில்லை. திரும்பச் சொன்னான். திரும்பவில்லை. ரிமோட் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அது மறந்துவிட்டது. பின்பக்கமாக, முழு வேகத்தில், முதுகில் செங்கல்லோடு கூடத்தைக் கடந்தது. மாமியாரின் தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு, செருப்புகளின் மேல் ஏறி இறங்கி, திறந்திருந்த வாசல் வழியாக வெளியே போயிற்று.

வீடு முதல் மாடியில். வாசலுக்கு வெளியே பதினாறு படி.

மாப்பிள்ளை பதினாறையும் எண்ணினான். அவன் எண்ண வேண்டியிருக்கவில்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது.

மனைவி ஓடி வந்தபோது அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் டேங்க். பீரங்கித் தலை தனியாக. சங்கிலிப் பட்டை கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் போல நீளமாகத் தொங்கியது.

"அப்பா?" என்றான் சன்னமாக.

"குறட்டை கேக்குது. அம்மா மட்டும் எழுந்து, என்ன சத்தம்னு கேட்டாங்க. பால்காரன் சைக்கிள்னு சொல்லிட்டேன்."

"மன்னிச்சுக்க. நான் டெஸ்ட் பண்றவன். எனக்கு உடைக்கத்தான் தெரியும்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் எழுந்து போய் ஒரு துணிப்பை கொண்டுவந்தாள்.

"மேம்பாலத்துக்குக் கீழ ஒரு கடைன்னு அப்பா சொன்னாரில்ல?" என்றாள். "இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்துடு."

கடை குறுகலாக, நீளமாக இருந்தது. கூரையிலிருந்து சின்னச் சின்ன விமானங்கள் தொங்கின. கடைக்காரர் மூக்கு நுனியில் கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பைக்குள்ளிருந்து டேங்கை ஒவ்வொரு பாகமாக எடுத்து மேஜை மேல் வைத்தான். அவர் எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. விபத்துப் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்த நர்ஸ் மாதிரி தலையாட்டினார்.

"இது ரிப்பேர் ஆகும். ஆனா பத்து நாள் பிடிக்கும்."

"எனக்கு நாளைக்குக் காலையில வேணுங்க. இதே மாதிரி புதுசு இருக்கா?"

கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிப் பின்னாலிருந்த தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அதே டேங்க். அதே கரும்பச்சை. மாப்பிள்ளை விலையைக் கேட்டான். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையிலிருந்த விமானங்களைப் பார்த்தான்.

"புதுசுன்னு தெரிஞ்சுடுமே," என்றான் பிறகு.

"தெரியாது."

அவர் பழைய டேங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். இடது பக்கம் ஒரு கீறல், அதே இடத்தில், அதே நீளத்தில். பட்டைகளில் சேற்று நிறம். பீரங்கி நுனியில் பெயின்ட் உதிர்ந்த ஒரு புள்ளி. கால் மணி நேரத்தில் புது டேங்குக்கு மூன்று வயது ஆகிவிட்டது. அந்த நேரத்தில் பேட்டரியும் கொஞ்சம் ஏறியிருந்தது. சிவப்பு விளக்கு அழகாக, நிதானமாக எரிந்தது. மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பழசை இங்கயே விட்டுட்டுப் போங்க தம்பி," என்றார் கடைக்காரர். "ரெண்டையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா நல்லா இருக்காது."

விவரமான மனுஷர் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பியபோது மாமனார் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்டீங்க?"

"சும்மா, வெளிய காத்தாட நடந்துட்டு வந்தேன் மாமா. யோசிக்கலாம்னு."

"ம்."

மாப்பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சும்மா ஒரு திருகாணியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிச் சத்தம் உண்டாக்கினான். பிறகு டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்து, சார்ஜரைச் சொருகி, "மாமா," என்று கூப்பிட்டான்.

சிவப்பு எரிந்தது.

மாமனார் குனிந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். இடது பக்கத்துக் கீறலை விரலால் மெதுவாகத் தடவினார்.

"பத்து நிமிஷம்," என்றார் மாமனார். "பெரிய மாப்பிள்ளை மாதிரியே."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் மைதானத்துக்குப் போனான். மாமனார் அவனைத் தன் கூட்டாளிகளிடம், "சின்னவர். இன்ஜினியர்," என்று அறிமுகம் செய்தார். டேங்க் மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, ஓய்வு பெற்ற ஒரு தாசில்தாரின் டேங்கைப் புதருக்குள் தள்ளியது. மாமனார் சிரித்தார். மாப்பிள்ளை அதை நேரில் பார்த்தான். ஒரு பக்கப் பல் இல்லை.

திரும்பும் வழியில் அவர் ரிமோட்டை அவன் கையில் கொடுத்து, "ஓட்டிப் பாருங்க," என்றார். நடைபாதையில் டேங்க் முன்னால் போக, இருவரும் பின்னால் நடந்தார்கள். திருப்பத்தில் பட்டையை எப்படி நிறுத்தித் திருப்புவது என்று அவனாகவே கண்டுபிடித்துவிட்டான். வீடு வந்தபோது, அதற்குள்ளா என்று இருந்தது அவனுக்கு.

காபி குடிக்கும்போது மனைவி விஷயத்தைச் சொன்னாள். கடகடவென்று, மூச்சு விடாமல், டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மாமியார் கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் ஜன்னலைப் பார்த்தார்.

"எவ்வளவு தூரம்?"

"ரயில்ல ஒரு பகல் ஒரு ராத்திரிப்பா."

வெகுநேரம் பேச்சில்லை. மாப்பிள்ளை எட்டு நாளுக்குத் தயாரானான்.

"போயிட்டு வாங்க," என்றார் மாமனார். "பெரியவளை அன்னிக்கு நான் விடல. அது தப்புன்னு அப்புறம்தான் தோணிச்சு. இந்த ரெண்டு நாளா மாப்பிள்ளையைப் பாத்துட்டுத்தான் இருக்கேன். தெரியாத வேலைன்னாலும் விட்டுட்டு ஓடல. உன்னை எங்க கூட்டிட்டுப் போனாலும் பாத்துக்குவார்."

மனைவி அழுதுவிட்டாள். மாப்பிள்ளை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று, "மாமா, அந்த டேங்க்..." என்று ஆரம்பித்தான்.

"அதான் ஓடுதே," என்றார் மாமனார். "விடுங்க."

திங்கட்கிழமை காலை ஊருக்குத் திரும்ப ரயிலுக்குப் போகிற வழியில் ஆட்டோவை மேம்பாலத்துக்குக் கீழே நிறுத்தச் சொன்னான். மனைவி பெட்டிகளோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். பழைய டேங்கை வாங்கிக்கொண்டு போய்ப் புது ஊரில் ரிப்பேர் செய்துகொள்வது என்று ராத்திரியே முடிவு செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் ஓட்டுவான். ஓட்டிவிட்டு மாமனாருக்குப் போன் போட்டு, பட்டையைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் பேசுவான். அவர் "ம்" என்பார். போதும்.

கடைக்காரர் அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை ஒரு பழைய டேங்க் விட்டுட்டுப் போனேனே, அதை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அதை உங்க மாமனார் நேத்து சாயங்காலமே ரிப்பேருக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரே தம்பி," என்றார் கடைக்காரர். "மூணு மாப்பிள்ளைங்க வாங்கிக் குடுத்ததோட சேர்த்து, இப்ப அவருக்கு மொத்தம் நாலு டேங்க். வீட்டுல ஒண்ணு, எங்க மாடியில மூணு நிக்குது. இன்னும் ஒரு பொண்ணைப் பெத்திருக்கலாம்னு ரொம்ப வருத்தப்பட்டுட்டுப் போறார்."